ஆணி அடிக்காமல்

சுவரில் ஆணி கூடாது என்று
பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஏழாவதாக இருக்கிறது.
முனிராஜப்பா அதை வாயாலும் சொன்னார்,
சாவியை இன்னும் என்னிடம் தராமல்.
ஆகவே ஒட்டும் நாடா.
எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய வெல்க்ரோ பட்டை,
ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் கொக்கி,
வயர்களைப் படுக்கவைக்க நீளமாய் ஒரு தட்டு.

இடியாப்பச் சிக்கல் என்று யார் சொன்னது.
இடியாப்பம் பிட்டால் வந்துவிடும்.
இது வராது.
மடிக்கணினியின் கறுப்பு வயரை இழுத்தால்
மேசைவிளக்கு நகர்கிறது,
ரூட்டர் குப்புற விழுகிறது,
அடுத்த அறையிலிருந்து ஜெனிட்டா
"நெட் போச்சுடி" என்று கத்துகிறாள்.

ஞாயிறு, காலை பத்தரை.
ஹொரமாவின் மேட்டில் தண்ணீர் லாரி உறுமி ஏறுகிறது.
நான் மேசைக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
நெற்றிக்கு ஒரு சாண் மேலே பலகை,
நெஞ்சின் மேல் நிறுத்திய கைபேசியின் வெளிச்சம்.

வேலை நாளில் நான் ஒரு சதுரம்.
முகம், பின்னால் ஒரு செடி, நான்கு புத்தகம்.
கீழே இப்படியொரு குடல் சரிந்து கிடப்பதை
மூன்று வருடமாக யாருக்கும் காட்டியதில்லை.
தூசு. ஹேர்பின். காய்ந்த கறிவேப்பிலை
(இது எப்படி இங்கே).
எதனுடையது என்றே தெரியாத ஒரு வெள்ளை வயர்:
ஒரு முனை சொருகியிருக்கிறது,
மறுமுனை எதையும் பிடிக்கவில்லை.
இத்தனை நாளும் காற்றுக்கு சார்ஜ் ஏற்றியிருக்கிறது.

பிடுங்கினேன்.
வீட்டில் எதுவும் நிற்கவில்லை.

சிக்கெடுக்கத் தெரிந்த கைதான் இது.
இடுப்புவரை முடி இருந்த காலத்தில்
நுனியிலிருந்து தொடங்கப் பழகியது.
இழுக்காதே. முடிச்சு எந்தப் பக்கம்
அவிழ நினைக்கிறது என்று பார்.
கறுப்பு மூன்றும் ஒரு கட்டு,
சாம்பல் இரண்டும் ஒரு கட்டு,
ஹெட்போன் தனி, அது யாரோடும் சேராது.

தட்டை ஒட்ட இடம் பார்த்து
வெளிச்சத்தைத் திருப்பியபோது
பலகையின் அடிப்பக்கத்தில் பென்சில் எழுத்து.
கன்னடம். கோணல்மாணலாய் இரண்டு வரி.
ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்.
கன்னடத்தில் பேசுவேன், ஆட்டோக்காரரோடு சண்டை போடுவேன்.
வாசிக்க மட்டும்
பஸ் நம்பர் போதும் என்று விட்டுவிட்டேன்.

படம் எடுத்து நந்தீஷுக்கு அனுப்பினேன்.
பதில் வரும்வரை அப்படியே கிடந்தேன்.
இல்லி யாரூ பரபாரது.
இங்கே யாரும் வரக்கூடாது.
அதற்குக் கீழே, இன்னும் சின்னதாக,
அம்ம பரபஹுது.
அம்மா வரலாம்.

கொத்தனூரில் வீடு காலி செய்தவர்களிடம்
இரண்டாயிரத்து நானூறுக்கு வாங்கிய மேசை.
குட்டியானையில் ஏற்றும்போது
வாசலில் ஒரு பையன் நின்றிருந்தான்,
கால் நாலும் ஏறிவிட்டதா என்று பார்த்தபடி.
அவன்தானா, தெரியாது.
நான் அப்போது சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தட்டு சரியாக அந்த எழுத்தின் மேல்தான் வர வேண்டும்.
அங்கேதான் பலகை மட்டம், பிளக்கும் பக்கம்.
நாடாவின் தாளை வேறு உரித்துவிட்டேன்.
உரித்த நாடா காத்திருக்காது,
என் விரலையே பிடித்துக்கொண்டது.

ஒரு சாண் தள்ளி ஒட்டினேன்.

மற்றதெல்லாம் சுத்தம். நின்று பார்த்தால்
மேசைக்கு மின்சாரம் என்ற ஒன்றே தேவையில்லை போலிருக்கிறது.
மானிட்டரின் வயர் மட்டும் தட்டுக்கு எட்டாமல்
வலப்பக்கம் ஒரு முழம் வெளியே தொங்குகிறது.

டீயோடு வந்த ஜெனிட்டா குனிந்து பார்த்தாள்.
"இவ்ளோ பண்ணிட்டு இத ஏன் விட்ட?"

நீளம் பத்தல என்றேன்.
அது பொய்யும் இல்லை.